“அது வெளியே போறதே இல்லையே!” - வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கும் நோய் வருவது எப்படி?

இரவு பதினொன்றரை மணி இருக்கும். சோபாவுக்கு அடியில் படுத்திருந்த லட்டு வெளியே வந்தது. வழக்கம்போல வாலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. பின்னங்கால்கள் தள்ளாட, சுவரில் மோதிக்கொண்டு வந்தது. காதுகள் இரண்டும் வெட்டி வெட்டித் துடித்தன. வாயோரம் எச்சில். தூக்கி மடியில் வைத்தால், குளிர் காய்ச்சல் வந்ததுபோல உடம்பு முழுக்க உதறல்.

“என்னடி குடுத்த அதுக்கு?” என்றார் அம்மா.

சாப்பிட எதுவும் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் பிடரியில் சில சொட்டு மருந்து விட்டிருந்தேன். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அடுத்த வாரம் அக்காவுக்கு வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இரண்டு வாரங்களாக அம்மாவின் கணுக்காலைச் சுற்றி வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள். லட்டுவின் முடியை விலக்கிப் பார்த்தால், கடுகு அளவுக்குப் பழுப்பாக ஏதோ ஓடியது. “பிள்ளைத்தாச்சி வர்ற வீட்ல இதெல்லாம் வேணாம். பூனையை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க” என்று பெரியம்மா போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். அதற்குள் லட்டுவைச் சுத்தமாக்கிக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. அதற்கு வாங்கியதில் மீதியிருந்த ஒரு டியூப் கிடைத்தது. நாய்க்கு நன்றாகக் கேட்ட மருந்து, பூனைக்குக் கேட்காதா?

இரவிலும் திறந்திருக்கும் கிளினிக் ஒன்றுக்கு போன் செய்தோம். பாத்திரம் தேய்க்கும் லிக்விடைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பிடரியை அலசி, துவட்டி, துண்டில் சுற்றிக் கொண்டுவரச் சொன்னார்கள். போனதும் டாக்டர் கேட்டது அந்த மருந்தின் அட்டையைத்தான். பொடி எழுத்தில் ‘பெர்மெத்ரின்’ என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் பொடி எழுத்தில், ‘நாய்களுக்கு மட்டும்’.

லட்டு இரண்டு நாள்கள் அங்கேயே இருந்தது. டிரிப்ஸ், தசைத் துடிப்பை அடக்கும் ஊசிகள். பிழைத்துக்கொண்டது. அழைத்துவரப் போன அன்று, கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது, குடற்புழு மருந்து கொடுத்தது எப்போது என்று டாக்டர் கேட்டார். குட்டியாக இருந்தபோது போட்டதுதான். இப்போது லட்டுவுக்கு மூன்று வயது. “அது வீட்டைவிட்டு வெளியே போறதே இல்லையே டாக்டர்” என்றேன்.

“சரி, பூனை வெளியே போகலை. வெளியே இருக்குற எதுவும் உள்ளே வர்றதில்லையா?”

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னதை வைத்துக்கொண்டு, எது எந்த வழியாக உள்ளே வருகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். பூனை வளர்க்கும் எல்லோர் வீட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

செருப்போடு வரும் விருந்தாளி

எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. மாடிப்படியின் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு தாய்ப்பூனை குட்டிகளோடு இருந்தது. ஆபீஸிலிருந்து வரும்போது தினமும் அதற்குப் பிஸ்கட் போட்டு, இரண்டு நிமிடம் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் மேலே வருவேன். வந்ததும் வாசலில் நிற்கும் லட்டுவைத் தூக்கிக் கொஞ்சுவேன். லட்டுவுக்குத் தெள்ளுப்பூச்சி வந்த வழி இதுதான்.

தெள்ளுப்பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஆனால், அபாரமாகக் குதிக்கும். நம் துணியிலோ பையிலோ தொற்றிக்கொண்டு மூன்றாவது மாடி என்ன, பத்தாவது மாடிக்கும் வரும். ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைகளுக்கு மேல்கூட இடும். அந்த முட்டைகள் பூனையின் முடியில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பூனை படுக்கும் மெத்தை, சோபாவின் இடுக்கு, மிதியடி என்று அது போகும் இடமெல்லாம் உதிரும். பூனையின் மேல் நாம் பார்க்கும் பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவிகிதம்தான். மீதி 95 சதவிகிதம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டில் கிடக்கிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். அருகில் நடமாட்டத்தின் அதிர்வும் உடல் சூடும் தெரிந்தால் வெளியே வந்து குதிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் பூச்சி கடிப்பது இதனால்தான்.

பூனையைக் குளிப்பாட்டினாலும் பத்து நாளில் மறுபடி பூச்சி வருகிறதே என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு விடை இந்த 95 சதவிகிதத்தில் இருக்கிறது. பூனைக்கு மருந்து, வீட்டுக்குச் சுத்தம் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒரு மாதத்தோடு நிறுத்தாமல், டாக்டர் சொல்லும்வரை (பொதுவாகக் குறைந்தது மூன்று மாதங்கள்) மருந்தைத் தொடர வேண்டும். படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். சோபாவின் இடுக்கையும் கட்டிலின் அடியையும் பெருக்கி, குப்பையை அன்றே வெளியேற்ற வேண்டும். வீட்டில் நாய் அல்லது இன்னொரு பூனை இருந்தால், அவற்றுக்கும் அவற்றுக்குரிய மருந்தை அதே நாளில் போட வேண்டும்.

பூச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் பூனையின் முதுகையும் வால் தொடங்கும் இடத்தையும் வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகள்களை, நனைத்த வெள்ளை டிஷ்யூ பேப்பரில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. செம்மையாகத் தெரிவது உங்கள் பூனையின் ரத்தம். குட்டிப் பூனைக்குப் பூச்சி அதிகமானால் ரத்தசோகை வந்து உயிரே போகலாம். பல்லின் ஈறை விலக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் தாமதிக்கக் கூடாது.

காதையும் ஒருமுறை பாருங்கள். ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கைபோல உள்ளே கறுப்பாகத் திரண்டிருந்து, பூனை தலையை உதறிக்கொண்டே இருந்தால், அது பெரும்பாலும் காதில் குடியேறும் சிற்றுண்ணியின் வேலை. ஒரு பூனையிடமிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகத் தொற்றும்.

பாயில் கிடந்த ‘சாதப் பருக்கை’

லட்டு படுக்கும் பாயில் அவ்வப்போது காய்ந்த சாதப் பருக்கை மாதிரி ஏதாவது கிடக்கும். சாப்பாடு சிந்தியது என்று நினைத்துப் பெருக்கிவிடுவோம். அது நாடாப்புழுவின் துண்டு என்று இப்போது தெரிகிறது. பூனையின் ஆசனவாயைச் சுற்றியும் ஒட்டியிருக்கும். புதிதாக விழுந்தது லேசாக அசையும்.

இதற்கும் தெள்ளுப்பூச்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பூச்சியின் புழுப் பருவம் நாடாப்புழுவின் முட்டையைத் தின்கிறது. அது வளர்ந்து பூனையின் மேல் ஏறுகிறது. பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும்போது பூச்சியை விழுங்கிவிடுகிறது. பூச்சியை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், புழு திரும்பவும் வரும்.

இன்னொன்று உருண்டைப்புழு. இது தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். அதனால்தான் தாயைப் பிரிந்த குட்டிகளுக்கு உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானைபோல உப்பியிருப்பதைப் பார்க்கிறோம். மலத்தில் வெளியேறும் முட்டைகள் மண்ணில் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் தொற்றும் நிலைக்கு வரும். பிறகு, நீண்ட காலம் அழியாமல் கிடக்கும். செருப்பில் ஒட்டும் மண், தொட்டிச் செடிக்கு வாங்கும் மண், கரப்பான்பூச்சி, எலி என்று பல வழிகளில் அவை வீட்டுக்குள் வரலாம். மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தைகளுக்கும் இந்த முட்டையால் பிரச்னை உண்டு. புழுவின் இளம்பருவம் உடலுக்குள் ஊர்ந்து, அரிதாகக் கண்ணைக்கூடப் பாதிக்கும்.

குட்டிகளுக்கு மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையும், தாய்ப்பால் நிறுத்திய பிறகு ஆறு மாத வயதுவரை மாதம் ஒருமுறையும் குடற்புழு நீக்கம் செய்வது வழக்கம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் வளர்ந்த பூனைக்கு ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. வெளியே போய் வேட்டையாடும் பூனை என்றால் குறைந்தது நான்கு முறை. அளவு, எடையைப் பொறுத்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையில் பாதியைப் பூனைக்குக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். அந்த மாத்திரைகளில் இருக்கும் அல்பெண்டசோல், பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது.

பூனை என்பது சின்ன சைஸ் நாய் அல்ல

நான் செய்த தவறுக்கு வருகிறேன். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் அதிக அடர்த்தியில் இருக்கும். நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான நொதி மிகக் குறைவு. மருந்து உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்கும். நடுக்கம், எச்சில் ஒழுகுதல், வலிப்பு எல்லாம் சில மணி நேரத்தில் தொடங்கலாம். சில பூனைகளுக்கு இரண்டு, மூன்று நாள்கள் கழித்தும் வரும். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே பாதிக்கப்படும் பூனைகள் உண்டு. நாய்களின் உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தேய்க்கும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது.

கல்லீரலின் இதே பலவீனத்தால்தான் நம் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் பல பொருள்கள் பூனைக்கு நஞ்சாகின்றன. காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். ஃபினாயில் ஊற்றித் துடைத்த ஈரத்தரையில் நடந்துவிட்டு பாதத்தை நக்கினாலும் ஆபத்து. பீரோவில் போடும் அந்துருண்டை, பூச்சிக்குக் கைவைத்தியமாகத் தடவும் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய், இரண்டும் அப்படியே. வேப்பெண்ணெய் இயற்கையானது என்று நினைத்து உடம்பு முழுக்கப் பூசிவிடுவார்கள். பூனை அதை நக்கியே தீரும். தலைக்குப் பூசினாலும் வயிற்றுக்குப் போகும் என்பதுதான் பூனை விஷயத்தில் மறக்கக் கூடாத கணக்கு.

பூனைகளுக்கென்றே செலமெக்டின், ஃபிப்ரோனில் போன்ற மருந்துகளில் சொட்டு மருந்துகள் கிடைக்கின்றன. எது, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை வயதும் எடையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். அட்டையில் பூனைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். நாக்கு எட்டாத பிடரியில், முடியை விலக்கித் தோலின் மேல் விடுங்கள்.

சமையலறை வழியாக வருபவை

மீன் கழுவும் நாளில் தலையையும் குடலையும் பூனைக்குப் போடுவது தலைமுறைப் பழக்கம். கறிக்கடையில் வாங்கிய ஈரலில் ஒரு துண்டை அப்படியே தருவதும் உண்டு. பச்சை இறைச்சி, பச்சை மீன் வழியாகப் புழுக்களும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களும் வரலாம். பறவைக் காய்ச்சலும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. 2025-ம் ஆண்டின் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் வீட்டுப் பூனைகளிடம் ஹெச்5என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் பச்சைக் கோழி இறைச்சி உணவையும் காய்ச்சாத பாலையும் சாப்பிட்ட பூனைகள் இந்த வைரஸால் இறந்திருக்கின்றன. தீர்வு ரொம்ப எளிது. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு இல்லாமல் நன்றாக வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுங்கள்.

வேட்டை இன்னொரு பிரச்னை. வெளியே போகாத பூனையும் வீட்டுக்குள் வேட்டையாடும். பல்லி, கரப்பான்பூச்சி, சுண்டெலி எல்லாம் அதற்கு விளையாட்டுப் பொருள்கள். பல்லியைத் தின்னும் பூனைகளின் கல்லீரலிலும் பித்தப்பையிலும் குடியேறும் ஒரு தட்டைப்புழு, வெப்ப நாடுகளில் இருக்கிறது. அதைவிட அவசரமானது எலி மருந்து. அப்பார்ட்மென்ட்டில் யாரோ வைத்த எலி கேக்கைத் தின்று தள்ளாடும் எலி, பூனைக்கு ரொம்பச் சுலபமான இரை. அந்த விஷம் ரத்தம் உறைவதைத் தடுக்கும். இரண்டு, மூன்று நாள்கள் கழித்து மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். பொது இடத்தில் எலி மருந்து வைத்தால் தகவல் சொல்லும்படி, குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டுவையுங்கள்.

பால்கனி... பூனைக்கு அதுவும் ‘வெளியே’தான்

புறாவைப் பார்த்துப் பாயும் பூனைக்கு மூன்றாவது மாடி என்பதெல்லாம் நினைவில் இருக்காது. பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்பது பாதி உண்மைதான். காலூன்றினாலும் தாடையும் காலும் உடைகின்றன, நுரையீரல் நசுங்குகிறது. புறாவுக்காக அடிக்கும் நைலான் வலையைப் பூனை கடித்துக் கிழித்துவிடலாம். தடிமனான வலையாகப் பார்த்து, கீழ் ஓரம் தரையோடு இறுக்கமாக இருக்கும்படி அடிப்பது நல்லது.

கொசுவும் இதே வழியில்தான் வருகிறது. இதயப்புழு என்ற ஒட்டுண்ணியைப் பரப்புவது கொசுதான். அதற்குப் பூனை வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் பகுதியில் இதற்குத் தடுப்பு மருந்து தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கருத்தடை செய்யாத பூனை, பருவ காலத்தில் எப்படியாவது வெளியே போகப் பார்க்கும். அப்படி ஓடிய ஓரிரவு போதும். மற்ற பூனைகளோடு சண்டையில் படும் கடியின் வழியாக, எதிர்ப்பு சக்தியைக் குலைக்கும் எஃப்.ஐ.வி போன்ற வைரஸ்கள் தொற்றலாம். கடித்த இடம் சீழ் பிடிக்கும். குட்டிகளின் பொறுப்பு தனி. ஐந்து, ஆறு மாதங்களுக்குள் கருத்தடை செய்துவிட்டால் இந்தத் தவிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

வீட்டுப் பூனைக்கும் தடுப்பூசியா?

ஆம். குறிப்பாக, பேன்லூகோபீனியா என்ற வைரஸுக்காக. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோவின் நெருங்கிய சொந்தம் இது. வாந்தி, பேதி, கடும் சோர்வு என்று தொடங்கி, தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாள்களில் கொன்றுவிடும். இந்த வைரஸ் தரையிலும் பொருள்களிலும் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும். நோயுற்ற தெருப்பூனையைத் தொட்ட கையிலோ, அது கழிந்த இடத்தை மிதித்த செருப்பிலோ வீட்டுக்குள் வந்துவிடும். ஆல்கஹால் சானிட்டைசருக்கு இது சாகாது. கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். தரையை, 32 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து துடைக்கலாம். காயும்வரை பூனை வேறு அறையில் இருக்கட்டும்.

பேன்லூகோபீனியாவோடு, சளி, தும்மல், வாய்ப்புண்ணை உண்டாக்கும் ஹெர்பிஸ், கேலிசி வைரஸ்களுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில், 16 வார வயதுவரை தவணைகள் உண்டு. பிறகு பூஸ்டர்.

ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில். பிறகு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். நம் ஊரில் இதை ஆண்டுதோறும் போடுவது வழக்கம். ரேபிஸ் நாயிடமிருந்து மட்டுமே வரும் என்று நினைக்கிறோம். பாதிக்கப்பட்ட பூனை கடித்தாலும் வரும். எந்தப் பூனை கடித்தாலும், ரத்தம் வரக் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டுப் பூனைதானே என்று தள்ளிப்போட வேண்டாம். அறிகுறி வந்த பிறகு ரேபிஸிலிருந்து காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

செலவை நினைத்துத் தயங்குபவர்கள் அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை இருக்கலாமா?

பெரியம்மாவின் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஓர் அடிப்படை உண்டு. டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால், கருச்சிதைவு ஏற்படலாம். குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். இந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் பூனையின் மலத்தில்தான் வெளியேறுகின்றன.

ஆனால், விவரம் தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும். பூனைக்கு முதல்முறை இந்தத் தொற்று வரும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரங்கள் வரைதான் பெரும்பாலும் முட்டைகள் வெளியேறும். எலி பிடித்துத் தின்றாலோ பச்சை இறைச்சி சாப்பிட்டாலோதான் பொதுவாகப் பூனைக்கே இது வருகிறது. வேகவைத்த உணவையோ கடையில் வாங்கும் பூனை உணவையோ மட்டும் சாப்பிட்டு, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. வெளியேறிய முட்டையும் உடனே தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். லிட்டர் டிரேயைத் தினமும் சுத்தம் செய்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

எனவே, கர்ப்பிணிகள் லிட்டர் டிரேயைத் தொட வேண்டாம். அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது தினமும் செய்யட்டும். வேறு வழியில்லை என்றால், கையுறை போட்டுச் செய்துவிட்டுச் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தோட்ட வேலைக்கும் அதே கையுறை. பூனையைத் தடவிக்கொடுப்பதால் இந்தத் தொற்று வருவது மிக அரிது. அரைவேக்காட்டு இறைச்சியும் சரியாகக் கழுவாத கீரை, காய்கறிகளும் மனிதர்களுக்கு இது வரும் முக்கியமான வழிகள். பூனையைத் துரத்திவிட்டு, பாதி வெந்த கறியைச் சாப்பிட்டால் எந்தப் பயனும் இல்லை. சந்தேகம் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்க...

* தினமும்: லிட்டர் டிரே சுத்தம். வெளியே போட்ட செருப்பு வாசலோடு நிற்கட்டும். தெருப்பூனையைத் தொட்டால், கை கழுவிய பிறகே வீட்டுப் பூனையைத் தூக்குங்கள்.
* வாரம் ஒருமுறை: சீப்புச் சோதனை, காது, ஈறு, ஆசனவாய்ப் பகுதியை ஒரு பார்வை. படுக்கை விரிப்பு வெந்நீரில்.
* மாதம் ஒருமுறை: எடை பாருங்கள். தெள்ளுப்பூச்சி மருந்து டாக்டர் சொன்னபடி.
* ஆண்டுதோறும்: தடுப்பூசி, குடற்புழு நீக்கம், மலப் பரிசோதனை. தேதியை போனில் ரிமைண்டராகப் போடுங்கள்.
* புதிய பூனை வந்தால்: டாக்டரிடம் காட்டிவிட்டு, இரண்டு வாரங்கள் தனி அறையில், தனித் தட்டு, தனி லிட்டர் டிரேயோடு.

இதைக் கண்டால் காத்திருக்காதீர்கள்

* உடல் நடுக்கம், வலிப்பு, தள்ளாட்டம், எச்சில் ஒழுகுதல்
* ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது
* திரும்பத் திரும்ப வாந்தி, ரத்தம் கலந்த பேதி
* வெளுத்த அல்லது மஞ்சளான ஈறு
* வாயைத் திறந்து மூச்சு வாங்குவது
* ஆண் பூனை சிறுநீர் போக முடியாமல் முக்கிக்கொண்டே இருப்பது

பூனை தன் வலியை மறைக்கும். ஓரமாக ஒதுங்கிப் படுப்பதே சில நேரம் முதல் அறிகுறியாக இருக்கும். மருந்து ஏதாவது போட்டிருந்தால், அதன் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

லட்டு இப்போது...

அக்கா வந்தாள். லட்டுவும் இருந்தது. பூனைக்கான சொட்டு மருந்து மாதாமாதம் நடந்தது. தடுப்பூசியை முதலிலிருந்து ஆரம்பித்தோம். லிட்டர் டிரே என் பொறுப்பு. ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. அம்மாவின் கணுக்கால் தடிப்பு முழுதாக அடங்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனது. மாடிப்படித் தாய்ப்பூனையைத் துரத்த வேண்டும் என்று சிலர் பேசினார்கள். துரத்தினால் அந்த இடத்துக்கு வேறொரு பூனை வரும் என்று சொல்லி, எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்துவிட்டோம். இப்போதும் அதைத் தடவிக்கொடுக்கிறேன். ஆனால், வீட்டுக்கு வந்ததும் நேராக வாஷ்பேசினுக்குப் போகிறேன். லட்டு அதுவரை வாசலில் கத்திக்கொண்டே இருக்கும்.

அக்காவுக்குப் பெண் குழந்தை. பார்க்க வந்த பெரியம்மா, தொட்டில் இருந்த அறையின் வாசலில் படுத்திருந்த லட்டுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஊசியெல்லாம் போட்டாச்சா இதுக்கு?” என்று கேட்டார்.

தேதியோடு சொன்னேன். உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், உங்களிடம் அந்தத் தேதி இருக்கிறதா?